வீட்டு வரிசைத் திராட்சை

போன வாரம் மிருணாளைப் பந்தலடியில் தலைகுனிந்து நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அவளால் அப்படிப் போக முடியவில்லை, பாவம். இந்த ஒரு வாரமாக வீட்டிலும் அவள் தலை நிமிரவில்லை.

ஊர் கூடிப் பார்த்த அவமானம் அது. மூன்று வருடமாக அவள் பாடுபட்டு உருவாக்கிய கருவி, ஒரு கையில் அடங்குகிற டப்பா. திராட்சைச் சாற்றில் ஒரு சொட்டு எடுத்து அதன் சோதனைப் பட்டையில் விட்டால், பழத்தில் பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறதா என்று ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும். இருந்தால் சிவப்பு விளக்கு, இல்லாவிட்டால் பச்சை. 'நாக்கு' என்று அதற்குப் பெயர் வைத்ததே மாமனார் தாத்யாதான். அந்த நாக்கு, ஆய்வுக்கூடம் 'மருந்து இருக்கிறது' என்று எப்போதோ அடித்துச் சொல்லிவிட்ட பழத்துக்குப் பச்சை விளக்கைக் காட்டிவிட்டது.

"திகளே வீட்டு மருமக செஞ்ச நாக்குக்குச் சளி பிடிச்சிருக்கு போல. ருசியே தெரியல!" என்று பூச்சிமருந்துக்கடை பிரல்ஹாத் போரஸ்தே கைகொட்டிச் சிரித்தார். அவரோடு சேர்ந்து ஊரும் சிரித்தது.

இன்றைக்கு அவளுக்குக் கடைசி வாய்ப்பு. திராட்சை விவசாயிகள் சங்கம் ஐந்து பாக்கெட் பழம் வைக்கும். எது மருந்துப் பழம், எது நல்ல பழம் என்று கருவி சரியாகச் சொன்னால் நிபாட் பக்கத்து ஊர்களில் எல்லாம் அது வரும். சொல்லாவிட்டால் சங்கம் கையை உதறிவிடும், அவள் வேலை பார்க்கிற கல்லூரியும் அந்த ஆராய்ச்சியை மூடிவிடும். முதல்வர் அதை முகத்துக்கு நேரே சொல்லியாகிவிட்டது.

மிருணாளுக்கு இது வேலை விஷயம் மட்டும் இல்லை. போன வருடம் இந்தக் குடும்பத்துத் திராட்சை கப்பலேறிப் போய், மருந்து மிச்சம் இருக்கிறது என்று அயல்நாட்டுத் துறைமுகத்திலிருந்தே திரும்பியது. அன்று அவள் கணவனும் மைத்துனர் நிவ்ருத்தியும் சாப்பிடாமல் படுத்த கோலம் அவள் கண்ணிலேயே இருக்கிறது. ஆய்வுக்கூட முடிவுக்காகக் காத்திருந்தால் பழம் கொடியிலேயே பழுத்து மழையில் வெடித்துவிடும். காத்திராமல் அனுப்பினால் இப்படித் திரும்பி வரும்.

ஆகவே விடிந்ததும் விடியாததுமாக அவள் கத்திரியும் கூடையுமாக வீட்டு வரிசைக்குப் போனாள்.

வீட்டு வரிசை இல்லாத திராட்சைக்காரர் அந்தப் பக்கத்தில் கிடையாது. தோட்டம் எத்தனை ஏக்கர் இருந்தாலும், வீட்டை ஒட்டி ஒரு வரிசைக் கொடியை மட்டும் மருந்து படாமல் விட்டுவைப்பார்கள். அது வீட்டுக் குழந்தைகளுக்கும் விருந்தாளிகளுக்கும். தாத்யாவின் வீட்டு வரிசை நாலு ஊருக்குப் பிரசித்தம். வந்தவர் யாரானாலும் ஒரு கொத்தைக் கையில் திணித்து, "கழுவாமச் சாப்பிடுங்க, இது என் கொடி!" என்பார்.

கருவிக்கும் அந்தப் பழம்தான் அளவுகோல். பட்டையில் ஒரு பொருளைப் பூசியிருக்கிறாள்; மருந்து பட்டால் அது செத்துப்போய், பட்டையில் ஓடும் மின்சாரம் குறையும். திராட்சையில் சர்க்கரை, புளிப்பு எல்லாம் இருக்கிறதே, அதுவும் பட்டையில் ஓடும் மின்சாரத்தைக் கொஞ்சம் குழப்பும். அதனால், 'சுத்தமான பழம் என்றால் இப்படித்தான் இருக்கும்' என்று கருவிக்கு முதலில் ஒரு நல்ல பழத்தைக் காட்டிப் பழக்க வேண்டும். அதற்கு வீட்டு வரிசையை விட்டால் வேறு எது?

அவள் ஒரு கொத்தைப் பிடித்துக் கத்திரியை வைத்தாள்.

"மிருணாள்! அதுல கை வெக்காதே!"

நிவ்ருத்தியின் மனைவி, ஓர்ப்படி சுலபா ஓடி வந்தாள். கையெல்லாம் பாக்ரி ரொட்டி மாவு. அடுப்பில் கல்லைப் போட்டுவிட்டு அப்படியே ஓடி வந்திருக்கிறாள்.

"ஏன் வஹினி?" அண்ணியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "கருவிக்கு வேணும்."

"வேற எங்கயாவது பறிச்சுக்கோயேன்."

"வேற எங்க போறது? சுத்திலும் மருந்தடிக்காத கொத்து ஒண்ணு காட்டுங்க பாப்போம்."

சுலபா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். முற்றத்தில் தாத்யா ஊரையே எழுப்புகிற சத்தத்தில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

"இதுவும் மருந்தடிச்சதுதான்" என்றாள், உதடு மட்டும் அசைய.

மிருணாளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. "எது?"

"இந்த வரிசை. நான்தான் அடிச்சேன். ரெண்டு சீசனா அடிக்கிறேன். கார்த்திகை ஏகாதசிக்கும் மாசி ஏகாதசிக்கும் தாத்யா பண்டரிபுரம் போனதும் பம்பைத் தூக்கிடுவேன்."

"வஹினி!"

"கத்தாதே. இதுல முழுக்க மாவுப்பூச்சிடி. இங்கேருந்து ஏத்துமதித் தோட்டத்துக்குப் பரவுது. எவ்வளவு மருந்தை அங்க அடிச்சு என்ன பிரயோஜனம், பூச்சிக்கு வீடு இங்க இருக்கறப்ப? அவர்கிட்ட சொல்லிப் பாத்தேன். 'என் வரிசையில மருந்தா? என் பொணத்து மேலதான் அடிக்கணும்'னு குதிச்சார். தோட்டத்தைப் பாக்கறது நானும் உன் மைத்துனரும். கப்பல் திரும்பி வந்தா அழறதும் நாங்க. நான் என்னதான் பண்ணட்டும், சொல்லு?"

மிருணாள் கத்திரியைக் கீழே போட்டாள். "என் ஓவி இதைத்தானே தின்னுட்டுத் திரியறா!"

"உன் பொண்ணு இதுல ஒரு பழம் தின்னதில்ல" என்று சுலபா சீறினாள். "என்னை யாருன்னு நினைச்ச? மாடியில டிரம்முல ஒரு கொடி வெச்சிருக்கேன்ல, என் பையனுக்கும் உன் பொண்ணுக்கும் அதுலேருந்துதான் பறிச்சுக் குடுக்கறேன். அது பூச்சி தின்னது போக மிச்சம்தான், ஆனா சுத்தம்."

"தாத்யா?"

சுலபா மறுபடி முற்றத்துப் பக்கம் பார்த்தாள். அவர் யார் பறித்துக் கொடுத்தாலும் வாங்கமாட்டார். காலையில் தானே பறித்து, தானே தின்பார். வாரி வாரித் தின்பார். அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு வருடம் அவளுக்குச் சோறு எப்படி இறங்கியதோ, அவளுக்கே வெளிச்சம்.

கோபம் வந்தது மிருணாளுக்கு. ஓங்கி ஒரு அறை விடலாமா என்றுகூட இருந்தது. ஆனால் கோபத்தோடு கோபமாக இன்னொன்றும் வந்தது, அழைக்காமலே வந்தது. சந்தோஷம்.

கருவி பொய் சொல்லவில்லை!

மருந்துப் பழத்தைக் காட்டி, 'இதுதான் சுத்தம்' என்று அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். பிறகு அது மருந்துப் பழத்தைப் பார்த்துப் பச்சை காட்டாமல் என்ன செய்யும்? இரண்டு சீசனாகவே வீட்டு வரிசைச் சாற்றில் மின்சாரம் குறைவாகத்தான் ஓடியது. 'சர்க்கரை அதிகம், அதனால்தான்' என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தண்ணீரைச் சந்தேகித்தாள், பட்டையைச் சந்தேகித்தாள், தன் கையையே சந்தேகித்தாள். மாமனாரின் வீட்டு வரிசையைச் சந்தேகிக்க மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட எவளுக்கும் தோன்றாது.

"மாடிக் கொடியில கொத்து இருக்கா வஹினி?"

"இருக்கு. எதுக்கு?"

அவள் பதில் சொல்ல நிற்கவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

சமையலறை மேடையில், பாக்ரி தீய்ந்த வாசனைக்கு நடுவே, மாடிப் பழத்தைக் காட்டிக் கருவியைப் புதிதாகப் பழக்கினாள். அப்புறம் வீட்டு வரிசைப் பழச் சாற்றில் ஒரு சொட்டு. இரண்டு பெண்களும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிவப்பு.

மிருணாள் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள். சுலபா குதிக்கவில்லை.

"கூட்டத்துல இந்த வரிசையைப் பத்தி மட்டும் வாயைத் திறந்துடாதே" என்றாள். "நானே நேரம் பாத்து அவர்கிட்ட சொல்லிடறேன். ஊர் முன்னாடி தெரிஞ்சா அந்த மனுஷன் தாங்கமாட்டார்."

"சொல்லமாட்டேன் வஹினி. ஆனா இன்னிலேருந்து அவர் வாயில இது போகக் கூடாது."

சொல்லி வாய் மூடவில்லை, தாத்யாவே ஒரு கொத்தோடு உள்ளே வந்தார். மிருணாள் பாய்ந்து அதைப் பிடுங்கினாள்.

"அட, என்ன சூன்பாய் இது? கிழவன் வாய்லேருந்து புடுங்கறே!" மருமகளை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"கருவிக்கு வேணும் தாத்யா. இன்னிக்குப் பூரா இந்த வரிசை எனக்குத்தான்."

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆனா ஒரு கூடை நான் தனியாப் பறிச்சு வெச்சுட்டேன். நீ ஜெயிச்சதும் கூட்டத்துல எல்லாருக்கும் பிரசாதம். போரஸ்தே வாயில முதல் பழம் நானே போடறேன், பாரு!"

பெண்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். ஊரார் கண்பட்டுவிடும் என்றுகூட மிருணாள் சொன்னாள். தாத்யா யார் சொல்லைக் கேட்டார்?

சங்கத்தின் பழம் கட்டும் கொட்டகையில் ஆள் கொள்ளவில்லை. இரண்டு மகன்களும் லாரியோடு துறைமுகத்துக்குப் போயிருந்ததால், வீட்டுக்கு ஆண்பிள்ளையாகத் தாத்யா ஒருவரே முன்வரிசையில் கூடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். சுலபா பெட்டி கட்டும் பெண்களோடு பின்னால் நின்றாள்.

தலைவர் ஆபாஸாஹேப் மோகல் ஐந்து பாக்கெட்டையும் மேஜையில் வைத்தார். ஆய்வுக்கூடத்து முடிவு அவருடைய செல்போனில் இருந்தது. அதை அவர் சட்டைப் பைக்குள் போட்டு, பையையும் ஒரு கையால் பொத்திக்கொண்டார்.

முதல் பாக்கெட். மிருணாள் பழத்தை நசுக்கிச் சாறெடுத்தாள். ஐஸ் பெட்டியிலிருந்து பட்டையை எடுத்தாள். சொட்டு விட்டாள். கொட்டகை முழுக்க டீ உறிஞ்சும் சத்தம்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. தலைவர் செல்போனை எடுத்துப் பார்த்தார். "சரி" என்றார்.

இரண்டாவது பச்சை. அதுவும் சரி.

மூன்றாவதும் நான்காவதும் சிவப்பு. தலைவர் பார்த்துப் பார்த்து, "சரி... இதுவும் சரி" என்றார். நான்காவதில் அவர் குரலே மாறிவிட்டது. கொஞ்சம் முன்பு வரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்கள் மேஜையைச் சுற்றி வந்து நின்றார்கள்.

ஐந்தாவதில் விளக்கு எரியவே இல்லை. பின்னாலிருந்து யாரோ, "தூங்கிடுச்சா?" என்றார். அப்போது எரிந்தது, பச்சை. தலைவர் செல்போனை மூக்கருகே கொண்டுபோய் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார்.

"அஞ்சும் சரி!" என்று கத்தினார்.

கொட்டகை அதிர்ந்தது. யாரோ விசில் அடித்தார்கள். பெட்டி கட்டும் பெண்கள் தகர மூடியைத் தட்டினார்கள். தாத்யா எழுந்து நின்று, தானே அந்தக் கருவியைச் செய்தவர் போல நாலா பக்கமும் கும்பிட்டார். மிருணாளுக்குக் கண் நிறைந்து எதுவும் தெரியவில்லை. மூன்று வருடம்! ராத்திரியும் பகலுமாக மூன்று வருடம்!

"ஒரு நிமிஷம்" என்றார் போரஸ்தே.

எல்லாரும் திரும்பினார்கள்.

"போன வாரம் பொய் சொல்லுச்சு, இந்த வாரம் நெஜம் சொல்லுது. சந்தோஷம். நடுவுல என்ன மாத்தினே? அதைச் சொல்லு சூன்பாய். அடுத்த வாரம் மறுபடி பொய் சொன்னா, அதை நம்பிக் கப்பல் ஏத்தினவன் கதி என்ன?"

ஆள் மருந்துக்கடைக்காரர்தான், வாய் கொழுப்பும் அதிகம்தான். ஆனால் கேட்ட கேள்வி நியாயமானது. அது மிருணாளுக்கும் தெரியும்.

"அளவுகோலை மாத்தினேன்" என்றாள்.

"என்ன அளவுகோல்?"

"சுத்தப் பழம்... கருவிக்கு முதல்ல காட்டற பழம்..."

"அதான் எனக்குத் தெரியுமே!" என்று தாத்யா குரல் கொடுத்தார். "போன வாரமும் என் வீட்டு வரிசை, இந்த வாரமும் என் வீட்டு வரிசை. காலையில என் வாய்லேருந்து பிடுங்கிட்டுப் போனா! அதுல என்ன மாத்த இருக்கு?"

"அப்படியா சூன்பாய்?" போரஸ்தே அவள் முகத்தையே பார்த்தார். அவள் குனிந்து ஐஸ் பெட்டியின் மூடியைச் சரிசெய்தாள். அவர் நடந்து வந்து, தாத்யாவின் கூடையிலிருந்து ஒரு கொத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "அப்ப இதைப் போடு. பச்சை எரிஞ்சா சங்கத் தீர்மானத்துக்கு நான் முதல் ஆளாக் கை தூக்கறேன்."

"போடும்மா, போடு!" என்றார் தாத்யா. "இவன் வாயை அடை!"

மிருணாள் நிமிர்ந்து, கூட்டத்துக்கு மேலாகப் பின்னால் பார்த்தாள். கொடுத்த வாக்கு ஒரு பக்கம், மூன்று வருட உழைப்பு ஒரு பக்கம். பட்டை கெட்டுவிட்டது என்று ஏதாவது ஒரு சால்ஜாப்பு சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் எதைச் சொன்னாலும் கருவிமேல் விழுந்த சந்தேகம் சந்தேகம்தான்.

"போடு மிருணாள்."

சுலபாதான். பெண்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள்.

மிருணாள் போட்டாள். டீ ஆறிப்போயிற்று, யாரும் குடிக்கவில்லை.

சிவப்பு.

"இன்னொரு தடவை" என்றார் தாத்யா. குரலில் இன்னும் சிரிப்பு மிச்சம் இருந்தது.

இன்னொரு பட்டை, இன்னொரு சொட்டு. மறுபடியும் சிவப்புதான்.

"நாக்கு பொய் சொல்லல மாமா" என்றாள் சுலபா. வழக்கமாக அவளும் தாத்யா என்றுதான் கூப்பிடுவாள். "நான்தான் அடிச்சேன். மாவுப்பூச்சிக்கு. ரெண்டு சீசனா அடிக்கிறேன். மிருணாளுக்கே இன்னிக்குக் காலையிலதான் தெரியும்."

தாத்யா கூடையைத் தரையில் வைத்தார். யாரையும் பார்க்காமல் கொட்டகையை விட்டு வெளியே போனார். சுலபா இரண்டடி பின்னால் போய், நின்றுவிட்டாள்.

கருவி ஜெயித்துவிட்டது, அதை மெச்ச ஒருவருக்கும் வாய் வரவில்லை. மிருணாள் பட்டைகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

அப்போது இரண்டாவது வரிசையிலிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது. தும்பா நிகம் என்று ஒரு வயதான விவசாயி.

"ஏம்மா... என் வீட்டு வரிசையையும் கொஞ்சம் பாத்துச் சொல்றியா? தோட்டம் இப்ப பையன் கையில. அவன் என்ன அடிக்கிறான், எங்க அடிக்கிறான்னு நான் கேட்டதே இல்ல. பேத்திக்கு நாலு வயசு, அதைத்தான் தின்னுது."

கொட்டகையில் ஒவ்வொருவரும் தன் வீட்டு வரிசையை நினைத்துக்கொண்டது முகத்திலேயே தெரிந்தது. அங்கே தோட்டத்தைப் பார்ப்பது அண்ணனா, தம்பியா, மருமகளா, கூலிக்கு வருகிற ஆளா? அவரவர் வீட்டுச் சுலபா யார்?

வாசலில் ஒரு பைக் கிளம்பியது. அதன் பின்னாலேயே நாலு, அப்புறம் பத்து. தலைவர் தீர்மானத்தைப் படிக்க எழுந்தபோது கை தூக்குவதற்கு ஆள் இல்லை. எல்லாரும் வீட்டுக்கு ஓடியிருந்தார்கள். திரும்பி வந்தபோது ஒவ்வொருவர் கையிலும் ஒரு கொத்து இருந்தது. துண்டில் முடிந்தது, தூக்குவாளியில் போட்டது, ஹெல்மெட்டுக்குள் வைத்தது. மேஜையிலிருந்து வாசல் தாண்டிச் சாலை வரை வரிசை நின்றது.

"தீர்மானமாவது மண்ணாவது! இதுக்கு மேல என்ன தீர்மானம் வேணும்?" என்று ஆபாஸாஹேப் காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். அவரும் வரிசையில் போய் நின்றார்.

நிகமின் கொத்துக்குப் பச்சை எரிந்தது. பெரியவர் குழந்தை மாதிரி சிரித்து, மிருணாளின் தலையில் இரண்டு கையையும் வைத்தார். அடுத்தவருக்குச் சிவப்பு. அவர் அங்கேயே செல்போனை எடுத்துத் தம்பியைக் கிழிக்க ஆரம்பித்தார். அப்புறம் பச்சை, பச்சை, ஒரு சிவப்பு. வரிசையில் நடுவே போரஸ்தேயும் நின்றார். கைக்குட்டையில் எதையோ சுற்றி, முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்திருந்தார்.

"என்ன போரஸ்தே, சளி போயிடுச்சா நாக்குக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"வாயை மூடிட்டு முன்னாடி நகருய்யா" என்றார் போரஸ்தே.

ஐஸ் பெட்டியில் பட்டைகள் குறைந்துகொண்டே வந்தன. நாளைக்கே நூறு நூறாகச் செய்ய வேண்டியிருக்கும் என்று மிருணாள் நினைத்தாள். நினைக்கவே இனித்தது. கை வலித்தது, அதுவும் இனித்தது. வாழ்நாளில் அவள் இவ்வளவு பெரிய வெற்றியைப் பார்த்ததில்லை.

அடுத்து வந்தவரின் கையில் கொத்து இல்லை. அவள் நிமிர்ந்தாள்.

தாத்யா. எப்போது திரும்பி வந்தாரோ, வழிவிட்டவர்களை எல்லாம் மறுத்துவிட்டு வரிசையிலேயே நின்று வந்திருக்கிறார்.

"பழத்துக்குச் சொல்லுது" என்றார் அவர். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி, கையை மேஜையில் நீட்டினார். "மனுஷனுக்குச் சொல்லுமா? ரெண்டு வருஷமாத் தின்னிருக்கேன்."

மருந்து பட்டால் பட்டையில் செத்துப்போகிற அந்தப் பொருள், மனிதன் ரத்தத்திலும் உண்டு. அது எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று அளந்தால், உடம்புக்குள் மருந்து எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். முடியும். இத்தனை நாள் அவள் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள்.

"முடியும் தாத்யா. ஆனா இந்தப் பட்டை போதாது. புதுசா ஒண்ணு செய்யணும்."

"அப்ப செய். ரத்தத்துக்கு ஆள் தேட வேண்டாம், நான் இருக்கேன்." அவர் கொட்டகையின் பின்பக்கம் திரும்பினார். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. காலிப் பெட்டியை மார்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு சுலபா சுவரோரம் நின்றிருந்தாள்.

"அங்க எதுக்கு நிக்கறே? அந்த வரிசையில மருந்தே அடிக்கக் கூடாதுன்னு மிரட்டி வெச்சவன் நான்தானே?" என்றார் தாத்யா, ஊர் முழுக்கக் கேட்கும்படி. "வந்து இந்தக் கையைப் பிடிச்சுக்கோ. ஊசின்னா எனக்குப் பயம்னு உனக்குத் தெரியாதா?"

கொட்டகை முழுவதும் சுலபாவைப் பார்த்தது. பெட்டி அவள் கையிலேயே இருந்தது. தாத்யா நீட்டிய கையை மடக்காமல் காத்திருந்தார்.